சனிக்கிழமை செல்லாத அட்டை

ஒன்பது வருஷம், நாற்பத்தொரு மாநிலம், ஒரு சனிக்கிழமைகூட இல்லை. மார்லிஸ் டாலஃப்சனின் ஓய்வுக்காலத்தை ஒரே வரியில் சொல்ல வேண்டுமானால் இதுதான் அந்த வரி.

காலண்டரில் சனிக்கிழமை வராமல் இல்லை. வந்தபோதெல்லாம் அவள் ஏதாவது ஒரு பெரிய கடையின் பார்க்கிங்கில் இருந்தாள். இல்லாவிட்டால் கேசினோவுக்குப் பின்புறம், இரவெல்லாம் இன்ஜினை அணைக்காத லாரிகளுக்கு நடுவில். ஒரு தடவை வயோமிங்கில், டிராக்டர் விற்கிற ஒருவருடைய கொட்டகைக்கு முன்னால். மரமும் ஆறும் நெருப்பு மூட்டக் குழியும் உள்ள கேம்ப்களுக்குள் வீடும் வண்டியுமான அவர்களுடைய முப்பத்திரண்டு அடி மோட்டார்ஹோம் ஞாயிறு மாலை நுழையும், வெள்ளி காலை வெளியே வந்துவிடும். காரணம், அவள் கணவன் வெர்லினின் சட்டைப்பையில் இருந்த பச்சை நிற அட்டை. அதைக் காட்டினால் கேம்ப் வாடகை பாதி. ஞாயிறு முதல் வியாழன் வரை மட்டும். வெள்ளி இரவுக்கும் சனி இரவுக்கும் அட்டை செல்லாது.

வெர்லின் கஞ்சன் இல்லை. பக்கத்து வண்டியின் தண்ணீர்க் குழாய் ஒழுகினால் தன் கைக்காசில் வாஷர் வாங்கிவந்து மாட்டிவிடுவான். முன்பின் தெரியாதவர்களுக்குச் சாப்பிட ஆப்பிள் பை வாங்கிக் கொடுப்பான். மினசோட்டாவில் முப்பது குளிர்காலம் பனி வாரும் லாரி ஓட்டியவன். ஊர் முழுக்கத் தூங்கும்போது தெருவைத் துடைத்துவிட்டு, காலையில் ஒன்றும் தெரியாதவன்போல் காபி குடிப்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. பாதி வாடகையிலும் அதே சந்தோஷம்தான். அது அவனுடைய விளையாட்டு. "முழு வாடகை" என்ற சொல்லை மட்டும், பிள்ளைகள் காதில் விழக்கூடாத வார்த்தையைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திச் சொல்வான்.

அட்டை அவன் இலாகா. ஸ்டீயரிங் மார்லிஸின் இலாகா. ஊரில் ஏழாம் நம்பர் பள்ளிக்கூட பஸ்ஸை முப்பத்தோரு வருஷம் ஓட்டியவள் அவள். மோட்டார்ஹோமைப் பின்பக்கமாக இடத்துக்குள் செருகுவது எந்தக் கேம்பிலும் இலவசக் காட்சி. சுற்றிலும் உள்ளவர்கள் மடக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, யார் எந்த மரத்தை இடிக்கப் போகிறார்கள், எந்தப் புருஷன் பெண்டாட்டி சண்டை போடப் போகிறார்கள் என்று பார்ப்பார்கள். மார்லிஸ் ஒரே வீச்சில் உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிடுவாள். பின்னால் நின்று கையை ஆட்டும் வெர்லினை அவள் கண்ணாடியில் பார்ப்பதே இல்லை என்பது அவனுக்குத் தெரியாது.

பஸ் ஓட்டிய பழக்கம் ஒன்றும் அவளை விட்டுப் போகவில்லை. ரயில் பாதையைக் கண்டால், பள்ளிக்கூட பஸ்ஸுக்கான சட்டப்படி, முழுசாக நிறுத்துவாள். பக்கத்து ஜன்னலைத் திறப்பாள். காதைக் கொடுத்துக் கேட்பாள். பிறகுதான் நகருவாள். பின்னால் நாலு கார் ஹார்ன் அடிக்கும்.

"இது பஸ் இல்ல, டிரைவரம்மா," என்பான் வெர்லின்.

"அது ரயிலுக்குத் தெரியாது," என்பாள் அவள்.

பிள்ளைகளின் சத்தத்தில் முப்பத்தோரு வருஷம் இருந்தவளுக்குக் கேம்பின் வாரநாட்கள் ரொம்ப நிசப்தமாக இருந்தன. திங்கட்கிழமை ஒரு கேம்புக்குள் போனால் அங்கே எல்லோருக்கும் முட்டி வலிக்கும். எல்லோரிடமும் ஒரு சின்ன நாய் இருக்கும். ஒன்பது மணிக்கு விளக்கணையும். பிள்ளைகள் வெள்ளிக்கிழமைதான் வருவார்கள், பள்ளிக்கூடம் விட்டு. சில பேர் பள்ளிக்கூடத்தையும் விட்டு. டாலஃப்சன் தம்பதி வாசலைத் தாண்டி வெளியே போகும்போது, எதிரே டிரெய்லர்கள் வரிசையாக உள்ளே வரும். பின்னால் சைக்கிள்கள், ஜன்னலில் கன்னத்தை ஒட்டிவைத்த முகங்கள். பஸ் டிரைவர்கள் ஒருவருக்கொருவர் காட்டுவதுபோல் மார்லிஸ் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவாள். ஏதாவது ஒரு பிள்ளை பதிலுக்குக் கையாட்டும். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த பிள்ளைகள். ஒரே மகன் அலாஸ்காவில் மீன்பிடி கப்பலில் இருந்தான். கல்யாணம் பற்றிக் கேட்டால் மீன் விலையைப் பற்றிப் பேசுவான்.

அவள் இதையெல்லாம் சொல்லவில்லை. மினசோட்டாக்காரர்கள் இப்படிப்பட்டதைச் சொல்வதில்லை. கேம்பில் பழகியவர்கள், "சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து சாப்பிடறோம், இருந்துட்டுப் போங்களேன்," என்று கூப்பிடும்போது, அட்டை செல்லாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. முதல் தடவை, டெக்சஸில், வாயில் வந்ததைச் சொன்னாள்: அண்ணன் மகள் லின்னேயாவுக்குக் கல்யாணம், போயே ஆகவேண்டும். அது நன்றாக வேலை செய்தது. யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. ஒருத்தி வாழ்த்து அட்டைகூடக் கொடுத்தாள். அதன் பிறகு அதையே சொல்லிவந்தாள். லின்னேயா டுலூத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்ப்பவள். நாற்பத்துநாலு வயது, இரண்டு பூனை, கல்யாணத்தில் விருப்பமில்லை. இத்தனை மாநிலங்களில் தனக்குக் கல்யாணம் நடந்திருப்பது அவளுக்குத் தெரியாது.

அந்த வருஷம் செப்டம்பர் கடைசி வாரம் விஸ்கான்சினில், ஆற்றோரத்து ஓக் பெண்ட் கேம்பில் இருந்தார்கள். மேப்பிள் மரங்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. பச்சை அட்டையின் காலம் மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் புதுப்பித்தால் இரண்டு வருஷச் சந்தாவில் மூன்று வருஷம் தருவதாக, அட்டை கொடுத்த கிளப்காரர்கள் எழுதியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெர்லின் மர மேஜையில் மூன்று விளம்பரத் தாள்களை விரித்து, காற்றில் பறக்காமலிருக்க ஒன்றின்மேல் உப்பு டப்பாவையும், இன்னொன்றின்மேல் கெச்சப்பையும், மூன்றாவதின்மேல் தன் முழங்கையையும் வைத்திருந்தான்.

"இந்தா பாரு. முழங்கைக்குக் கீழ இருக்கறது நம்ம பழைய பாதி. மூணு வருஷம் கவலையே இல்ல. கெச்சப்புக்குக் கீழ, ஒரு கேம்பையே சொந்தம்போல வாங்கிக்கணும், விக்கறவன் நாலு மணி நேரம் பேசுவான், ஓசில ஒரு பன்னித்தொடை ஹாம் தருவான். வேண்டாம். உப்புக்குக் கீழ இருக்கறது பத்து சதவீதம். வருஷம் பூரா, எல்லா நாளும். யாரு வாங்குவாங்களோ தெரியல."

மார்லிஸ் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, மாட்டிறைச்சிக் கொத்தின்மேல் உருளைக்கிழங்கு உருண்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். திறந்த கதவு வழியாகச் சொன்னாள்: "உப்பு."

"என்ன உப்பு?"

"உப்புக்குக் கீழ இருக்கறது. அதை வாங்கு."

வெர்லின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். "அம்பதை விட்டுட்டு பத்தா? முப்பத்தோரு வருஷம் பஸ்ல பசங்க தலையை எண்ணினவ நீ!"

"எண்ணினவதான் சொல்றேன்."

"பத்து சதவீதக்காரனுக்குச் சனிக்கிழமையும் செல்லும், அதானே? சனிக்கிழமை கேம்ப்ல என்ன இருக்கு? சத்தம். சைக்கிள். நம்ம கரண்டு வயர்ல தடுக்கி விழற வாண்டுங்க. ராத்திரி பத்து மணி வரைக்கும் கத்தல்."

"ஆமா," என்றாள் மார்லிஸ். "அதேதான்."

அவள் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து வெர்லின் வாய்விட்டுச் சிரித்தான். தாள்களை மடித்து வைத்துவிட்டு, எதிர்வரிசையில் ஒருவர் கழிவுநீர்க் குழாயோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து உதவப் போய்விட்டான். மார்லிஸ் கடைசி உருண்டையை வைத்துவிட்டு அடுப்பை மூடினாள். மூன்று வருஷம். இப்போது அவளுக்கு அறுபத்தெட்டு. கண் மருத்துவர் போன தடவையே, பெரிய வண்டி இன்னும் எத்தனை நாள் ஓட்டுவதாக உத்தேசம் என்று கேட்டிருந்தார்.

மறுநாள் ஆர்டிஸ் வந்தாள். ஆர்டிஸ் குவாம் நெப்ராஸ்காவில் தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவள்; ஒரு வெள்ளை வேனில் கட்டிலைப் போட்டுக்கொண்டு தனியாகச் சுற்றுபவள். இந்தச் சாலைகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிற முகங்களில் ஒன்று. அரிசோனாவில் ஒரு வாரம் பக்கத்துப் பக்கத்து இடம். மே மாதம் மிசௌரியில் மறுபடியும். வேனைத் தூரத்து மூலையில் நிறுத்திவிட்டு, கையில் காபிக் கோப்பையோடு நேரே மார்லிஸின் நாற்காலியைத் தேடி வந்தாள்.

"சனிக்கிழமை இங்க ஹாலோவீன், தெரியுமா?"

"அதுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே."

"இருக்கட்டும். அதுக்குள்ள இங்க குளிர் வந்துடும், கேம்ப் மூடிடுவாங்க. அதனால முன்னாடியே நடத்திடறாங்க. ஒவ்வொரு வண்டிக்கும் பூசணிக்காய் விளக்கு, எலும்புக்கூடு, என்னென்னமோ. பசங்க வேஷம் போட்டுக்கிட்டு வண்டி வண்டியா வந்து மிட்டாய் கேப்பாங்க. போன வருஷம் முந்நூறு பசங்க வந்தாங்களாம். நாலு பை வாங்கி வெச்சிருக்கேன், நீயும் என்கூட வந்து உக்காரு."

முந்நூறு. மார்லிஸின் மனம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றது. வாய் மட்டும் பழகிய பாதையில் போனது. "அய்யோ, இந்த வாரம் முடியாதே ஆர்டிஸ். எங்க அண்ணன் பொண்ணு லின்னேயாவுக்குக் கல்யாணம்."

ஆர்டிஸ் கோப்பையை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். "லின்னேயாவுக்கா?"

"ம்."

"பிப்ரவரில அரிசோனாலேருந்து ஓடினியே, அந்த லின்னேயாவா?"

"அவதான்."

"மிசௌரில, பொண்ணுக்குக் கவுன் தைக்கணும்னு அவசரமா கெளம்பினே. அது யாரு?"

மார்லிஸ் ஆற்றைப் பார்த்தாள். ஆறு உதவிக்கு வரவில்லை.

"பாவம்டி அந்தப் பொண்ணு," என்றாள் ஆர்டிஸ். "ஒரு மாப்பிள்ளையும் நாலு மாசம் தாங்க மாட்டேங்கறானே. விலாசம் குடு. இந்தக் கல்யாணத்துக்காவது ஒரு டோஸ்டர் அனுப்பறேன்."

மார்லிஸுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. பிறகு சொல்லிவிட்டாள். பச்சை அட்டை, ஞாயிறு முதல் வியாழன், பார்க்கிங் இடங்கள், எல்லாவற்றையும். ஆர்டிஸ் சிரித்த சிரிப்பில் இரண்டு வண்டி தள்ளி ஒரு சின்ன நாய் குரைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் அந்தப் பொண்ணுக்காகச் சர்ச்ல வேண்டிக்கிட்டேன் தெரியுமா? நிஜமாவே," என்றாள். சிரிப்பு அடங்கியதும் மார்லிஸின் முகத்தைப் பார்த்தாள். தபால்காரிகளுக்கு உறையைப் பார்த்தே உள்ளே இருப்பது தெரியும்.

"உனக்கு இருக்கணும்னு இருக்கு."

"இருக்கு."

"அப்ப முழு வாடகையைக் குடுத்துட்டு இரேன். உன் பஸ் பென்ஷன் உன்னோடதுதானே?"

விசித்திரம், ஒன்பது வருஷத்தில் இது மார்லிஸுக்குத் தோன்றவே இல்லை. அட்டை அவன் இலாகா.

வியாழக்கிழமை காலை, மோட்டார்ஹோமுக்குப் பின்னால் இழுத்துவரும் சின்னக் காரை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய் நாலு பெரிய பை மிட்டாய் வாங்கினாள். திரும்பும் வழியில் கேம்ப் அலுவலகத்தில் இறங்கி, மிட்டாய்ப் பைகளை இடுப்பில் அணைத்தபடியே, "சனிக்கிழமை வரைக்கும் நீட்டிக்கணும். முழு வாடகை," என்றாள். அவளும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

மேஜைக்குப் பின்னால் ஜோலீன் என்ற பெண். தலையில் ஏற்கெனவே சூனியக்காரித் தொப்பி. "இந்தச் சனிக்கிழமையா?" என்றாள். சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை. "அம்மா, இந்தச் சனிக்கிழமை பிப்ரவரி ஒண்ணாம் தேதியே போயிடுச்சு. காலைல எட்டு மணிக்குப் பதிவு திறந்தோம், ஒன்பதுக்குள்ள முடிஞ்சுது. உங்க இடத்துக்கே நாளைக்கு மத்தியானம் ஒரு குடும்பம் வருது. ஒன்பது வருஷமா வண்டில இருக்கீங்கன்னு சொன்னீங்களே, வார இறுதிக்கு முன்பதிவு செஞ்சதே இல்லையா?"

செய்ததில்லை. வாரநாட்களில் போய் நின்றால் இடம் கிடைக்கும். அதுதான் அவர்களுக்குத் தெரிந்த உலகம். தனக்கும் சனிக்கிழமைக்கும் நடுவில் நிற்பது வெறும் பணம் என்று மார்லிஸ் இத்தனை நாள் நினைத்திருந்தாள். மனம் வைத்தால் என்றைக்கு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று. அது எட்டு மாதத்துக்கு முன்பே, அவள் பாலைவனத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோதே, விற்றுத் தீர்ந்திருந்தது.

சாயங்காலம் வெர்லின் பிஸ்கட் தேடி அலமாரியைத் திறந்தான். மிட்டாய்ப் பைகள் நாலும் அவன் மார்பில் விழுந்தன.

"இது யாருக்கு? எனக்குச் சக்கரை இருக்கு, உனக்குப் பல் ஆடுது."

மார்லிஸ் சொன்னாள். அலுவலகத்துக்குப் போனது, இடமில்லை என்று சொன்னது, முந்நூறு பிள்ளைகள். லின்னேயாவின் கல்யாணங்களைக்கூடச் சொன்னாள்.

வெர்லின் ஒரு பையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "உனக்கு வேணும்னா சொல்லியிருக்கலாமே மார்லிஸ்."

"செவ்வாக்கிழமை சொன்னேன். நீ சிரிச்சே."

அவன் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, காற்றழுத்தம் பார்க்கும் மானியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். மோட்டார்ஹோமின் ஆறு டயரையும் பார்த்தான். காரின் நாலு டயரையும் பார்த்தான். திரும்ப முதலிலிருந்து பார்த்தான். மனம் கலங்கினால் வெர்லின் டயர் பார்ப்பான். அவன் அம்மாவை அடக்கம் செய்த அன்று சர்ச் வாசலில் நின்ற எல்லாக் கார்களுக்கும் பார்த்தவன்.

வெள்ளி காலை வழக்கம்போலக் கிளம்பினார்கள். வாசலில் எதிரே ஒரு டிரெய்லர் வந்தது. பின்சீட்டில் ஒரு கடற்கொள்ளைக்காரன், வயது ஆறிருக்கும், கண்ணில் கறுப்புத்துணி, வாயில் ஜூஸ் ஸ்ட்ரா. மார்லிஸ் இரண்டு விரலைத் தூக்கினாள். கொள்ளைக்காரன் வாளைத் தூக்கினான்.

ஊர் எல்லையில் ரயில் பாதை. அவள் நிறுத்தினாள். ஜன்னலைத் திறந்தாள். வெர்லின் பக்கத்து ஜன்னல் கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது. தலையை வெளியே நீட்டி அவனும் கேட்டான்.

"என் பக்கம் ஒண்ணும் வரல," என்றான்.

அன்றிரவு இருபது மைல் தள்ளி ஒரு கேசினோவின் பார்க்கிங்கில் தங்கினார்கள். சனிக்கிழமை காலை எழுந்தபோது வெர்லின் இல்லை, காரும் இல்லை. மத்தியானம் வந்தான். கையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பெயின்ட் டப்பா, ஒரு குளிர்சாதனப் பெட்டியின் அட்டைப்பெட்டி. தரையில் போட்டு எட்டு மூலையாக வெட்டினான். சிவப்படித்து, வெள்ளையில் 'நில்' என்று எழுதினான். ஓர் எழுத்து மற்றதைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

"என்னது இது?" என்றாள் மார்லிஸ்.

"என்னையா கேக்கறே? முப்பத்தோரு வருஷம், பசங்க ஏறி இறங்கறப்பல்லாம் உன் பஸ் பக்கவாட்டுல இதைத்தானே நீட்டிக்கிட்டு இருந்தே?" பெயின்ட் கையை பேண்டில் துடைத்தான். "இடம் இல்லாட்டி என்ன? பார்வையாளரா உள்ள போலாமாம். எட்டரைக்கு வெளிய வந்துடணும். ஜோலீனுக்குப் போன் பண்ணினேன். ஆர்டிஸ்கிட்டயும் சொல்லிட்டேன், அவ இடத்துல நாற்காலி போட்டுக்கலாம். உன் பழைய பஸ் கோட்டு, அந்த ஆரஞ்சு, எங்க?"

"பார்வையாளருக்குக் கட்டணம் இருக்கே."

"இருக்கு."

"தள்ளுபடி உண்டா?"

"கேக்கல," என்றான் வெர்லின்.

கேம்ப் வாசலில் ஜோலீன் பழக்கதோஷத்தில், "ஏதாவது கிளப் அட்டை இருக்கா?" என்று கேட்டாள். வெர்லினின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பச்சை அட்டை பாதி வெளியே வந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டுப் பர்ஸை எடுத்தான்.

"ரெண்டு பேருக்கும் முழுசா எடுத்துக்கோம்மா," என்றான், எல்லோருக்கும் கேட்கிற குரலில்.

இருட்டத் தொடங்கியதும் அவர்கள் வந்தார்கள். எலும்புக்கூடுகள், தேவதைகள், ஒரு சோளக்கதிர், போர்வையால் செய்த டைனோசர், தள்ளுவண்டியில் தூங்கும் ஒரு தேனீ. மார்லிஸ் ஸ்வெட்டருக்கு மேல் ஆரஞ்சு நிறப் பஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆர்டிஸின் வேன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெர்லின் சிவப்பு எட்டுமூலையைக் கையில் மாட்டிக்கொண்டு பாதை ஓரம் நின்றான். கூட்டம் நெருங்கியதும் கையை நீட்டினான்.

பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். யாரும் விளக்கம் கேட்கவில்லை. பஸ்ஸிலிருந்து அந்தச் சிவப்புக் கை நீண்டால் தெருவே நிற்க வேண்டும் என்பது அவர்கள் ஒவ்வொரு நாளும் பார்க்கிற சட்டம். பின்னால் பீர் டின்னோடு வந்த அப்பாக்களும் நின்றார்கள். ஒருவர் அவசரத்தில் டின்னை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா," என்றாள் மார்லிஸ். "தள்ளாதீங்க. டைனோசர், வாலைச் சுருட்டிக்கோ. நீ ரெண்டாவது தடவை வர்றே, எனக்குத் தெரியும். பரவால்ல, எடுத்துக்கோ."

பசு வேஷம் போட்ட ஒரு சின்னப் பெண் மிட்டாயை வாங்கிக்கொண்டும் நகரவில்லை. "நீ நிஜமாவே பஸ் ஓட்டினியா?"

"ஓட்டினேன்."

"எங்க பஸ் ஆன்ட்டி கத்துவாங்க."

"நானும் கத்துவேன்."

பசு யோசித்தது. "இப்ப கத்து."

மார்லிஸ் ஆர்டிஸைப் பார்த்தாள். எழுந்து நின்றாள். ஒன்பது வருஷமாக வெளியே வராத குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது: "ஏழாம் நம்பர்! எல்லாரும் உக்காருங்க! நான் இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்!"

அந்த வரிசை முழுக்க அமைதியானது. பிள்ளைகள் பாதிப் பேர் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு வண்டி தள்ளி ஒரு நாயும் உட்கார்ந்தது. பிறகு எங்கோ ஓர் அப்பா சிரிக்க, எல்லோரும் சிரிக்க, பசுப் பெண் தன் கூட்டாளிகளிடம் ஓடிப்போய், "நான்தான் கத்தச் சொன்னேன்," என்று பெருமையடித்துக்கொண்டாள். அதன் பிறகு வந்த ஒவ்வொரு கூட்டமும் மிட்டாய்க்கு முன்னால் கத்தலைத்தான் கேட்டது. கடற்கொள்ளைக்காரன் மூன்று முறை வந்தான்.

மார்லிஸின் நாலு பையும் தீர்ந்தன. ஆர்டிஸின் நாலு பையும் தீர்ந்தன. வெர்லின் காருக்கு ஓடி, இருமல் மாத்திரை டப்பாவை எடுத்துவந்து கொடுக்க ஆரம்பித்தான். ஒரு தாய் முறைத்த பிறகு நிறுத்தினான். பக்கத்து இடத்துக்காரர் வந்து, "நீங்க எந்த இடத்துல இருக்கீங்க? பார்த்ததே இல்லையே," என்று கேட்டார்.

ஆர்டிஸ் முந்திக்கொண்டாள். "இவங்க கல்யாணத்துக்கு வந்தவங்க."

எட்டரைக்கு வெளியே வந்தார்கள். வழியில் ரயில் பாதையில் மார்லிஸ் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. காரை வெர்லின் ஓட்டினான், அவனே நிறுத்தினான். கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

திங்கட்கிழமை, பச்சை அட்டையின் கடைசி நாள். அயோவாவில் ஒரு கேம்பில் இருந்தார்கள், பாதி வாடகையில். வெர்லின் கிளப்புக்குப் போன் செய்தான். மார்லிஸ் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"மூணு வருஷம் வேண்டாம்மா. ஒரு வருஷம் போதும். தெரியும், நஷ்டம்தான். இலவசத் தொப்பி வேண்டாம், ஏற்கெனவே மூணு இருக்கு." வைத்துவிட்டு உடனே இன்னொரு எண்ணை அழுத்தினான். "அந்தப் பத்து சதவீத அட்டை. ஆமா, சனிக்கிழமையும் செல்லுமில்ல? நிச்சயமா?"

பேசி முடித்ததும் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். "லூத்தரன் சர்ச்லயும் கத்தோலிக்கச் சர்ச்லயும் ஒரே சமயத்துல சேந்துட்ட மாதிரி இருக்கு," என்றான்.

"ஞாயித்துக்கிழமை எதுக்குப் போவே?"

"பாதிக்கு விடறவங்ககிட்ட. சனிக்கிழமைதான் உன்னோடது."

மார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டி அடுத்த வருஷத்தைத் தேடிக் கடைசிப் பக்கம்வரை போனாள். அது டிசம்பரோடு முடிந்துவிட்டது. காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாள்.

ஓக் பெண்ட்டில் அடுத்த செப்டம்பருக்கான முன்பதிவு பிப்ரவரி ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. அன்று அவர்கள் அரிசோனாவில் இருப்பார்கள். விஸ்கான்சினில் எட்டு அடிக்கும்போது அங்கே மணி ஏழு.